பத்துப் பெட்டிக் குஞ்சுகள்

பச்சையம்மாள் என் வாசலில் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, இடுப்பில் இருந்த கூடையைத்தான். நான்கு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், ஐப்பசி மழையில், உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, துணி மூடிய கூடையோடு வந்து நிற்கிறாள் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். "சாமியே நேர்ல வந்து நின்னாலும் நீ ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லுவடி" என்பார் என் வீட்டுக்காரர் காசிநாதன். அவருக்கென்ன, விடிந்தால் சுண்ணாம்புக்கல் லாரியில் ஏறிப் போய்விடுகிறார். ஆட்டையும் கோழியையும் வீட்டையும் காத்துக் கிடப்பது நான்தானே.

"மலரு, ஒன் சாம்பக்கோழி குஞ்சு பொரிச்சிருக்காமே?" என்றாள்.

பொரித்தது அன்று காலையில்தான். ஆட்டுக் கொட்டகை மூலையில், பழைய கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, பதினோரு முட்டை அடை வைத்திருந்தேன். இடிக்குக் கெட்டுப்போகாமல் இருக்க இரும்புத் துண்டும் வரமிளகாயும் கூடவே போட்டிருந்தேன். அப்படியும் ஆறு கூமுட்டையாகப் போய், ஐந்துதான் குஞ்சாயிற்று. இது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

"யாரு சொன்னா?" என்றேன்.

"காசி தம்பிதான் லாரிக்குப் போவும்போது சொல்லுச்சு. அஞ்சுதான் தங்குச்சாமே."

ஆக, எனக்குத் தெரியாமல் இவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

எங்களுக்குள் என்ன தகராறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அய்யனாருக்கு நேர்ந்துவிட்டிருந்த என் சேவல், படையலுக்கு இரண்டு நாள் முன்னால் காணாமல் போயிற்று. தேடிப் போனால், பச்சையம்மாளின் எருக்குழி ஓரம் மூன்று சிவப்பு இறகுகள் கிடந்தன. மூன்று இறகு எனக்குப் போதாதா? அடிபம்பு பக்கத்தில் தெருவே நிற்க, "எஞ் சேவலத் தின்னவ வூடு வெளங்குமா?" என்று கேட்டு, ஒரு கை மண்ணை அள்ளி அவள் வீட்டைப் பார்த்துத் தூற்றினேன். "நான் எடுக்கலடி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். கீரியோ நாயோ தூக்கியிருக்கலாம் என்று பிற்பாடு எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் நானாகப் போய் அதை அவளிடம் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் பதினாறு வருஷம் ஒரே வரப்பில் குனிந்து களை எடுத்தவர்கள் நாங்கள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் என் வீட்டில் ரசம் கொதிக்கும். கீழப்பழுவூருக்குப் பஸ் ஏறினால் ஒரே சீட்டில்தான் உட்காருவோம். அவள் இல்லாத இந்த நான்கு வருஷமும் எனக்குப் பொழுது போகவே இல்லை. திரும்ப ஒரு தடவை "மலரு" என்று கூப்பிட மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் கூப்பிட்டதும் எனக்குள் ஒருத்தி சந்தோஷப்பட, இன்னொருத்தி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, இவளுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டாள். இரண்டாவது ஆள்தான் எப்போதும் என்னை ஆள்கிறவள்.

அவளுக்கு வேண்டியிருந்தது என் கோழி.

அவள் மகள் முத்தமிழ், பூலாம்பாடியில் கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். பெரம்பலூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, தெர்மாக்கோல் பெட்டிக்குள் குண்டு பல்புகளை மாட்டி, அதில் நாட்டுக்கோழி முட்டைகளை அடுக்கிப் பொரிக்க வைத்திருந்தாள். கோழியே இல்லாமல் குஞ்சா என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இருபத்தோராம் நாள் முப்பத்துநான்கு முட்டை பொரித்துவிட்டது. அதே நாளில் இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. அரியலூரிலிருந்து வேறு வந்தால்தான் கரண்ட். பல்பு எரியாவிட்டால் குஞ்சுக்குச் சூடு கிடையாது. அரிக்கேன் விளக்கைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தாயும் மகளும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எல்லாம் வெரச்சுப் போயிரும் மலரு. தெருவுல குஞ்சோட கெடக்குற கோழி நாலு. நாலுக்கும் பிரிச்சு அணைய வுட்டாத்தான் தப்பும். ஒன்னுது பெரிய கோழி, பத்து தாங்கும்" என்றாள் பச்சையம்மாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பங்கு வாரத்துக்கு வச்சுக்க. தேறினதுல ஆளுக்குப் பாதி" என்றாள்.

துணியை விலக்கினாள். பத்துக் குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு கீச்சு கீச்சென்று கத்தின. பார்த்ததும் கை தானாகப் போயிற்று. ஆனாலும் நான் என் வழக்கத்தை விடவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி, பின்புறம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். தொப்புளைப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடைதான் அடித்தது.

"நோய்க் குஞ்ச ஒன் தலையில கட்டிருவேன்னு பாக்குறியா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது. பழைய பச்சையம்மாளாக இருந்தால் இந்த இடத்தில் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பாள்.

"பாத்துக்கிறது நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான். பாரு."

அந்தி சாய்வதற்காகக் காத்திருந்தோம். வெளிச்சத்தில் வைத்தால் கோழி கண்டுபிடித்துக் கொத்திவிடும், இருட்டிய பின் வைத்தால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆடு கொட்டகைக்குள் அடையும் நேரம்தான் சரி என்றாள். இருவரும் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். என் சாம்பல் கோழி லேசுப்பட்டதல்ல. போன வருஷம் கொட்டகைக்குள் வந்த சாரைப்பாம்பை வேலி வரைக்கும் விரட்டியது. எங்களைப் பார்த்ததும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்தாகப் பருத்தது.

பச்சையம்மாள் அடைக்கூடையிலிருந்து ஒரு கை மணலை அள்ளி, வாடை ஒன்றாகட்டும் என்று பெட்டிக் குஞ்சுகளின் முதுகில் தேய்த்தாள். முதல் குஞ்சை உள்ளங்கையில் மறைத்து, கோழியின் வயிற்றுக்கடியில் மெல்லத் தள்ளினாள். கோழி அவள் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது. அவள் கையை இழுக்கவில்லை. இரண்டாவதுக்கும் கொத்தியது. மூன்றாவதுக்கு எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. நான்காவதை நான் வைத்தேன். கோழியின் அடிவயிறு அடுப்படிச் சாம்பல்போல் கதகதவென்றிருந்தது. உள்ளே போன குஞ்சு இரண்டு தடவை கீச்சென்றுவிட்டு அடங்கிப் போயிற்று.

பத்தாவதும் போன பிறகு நாங்கள் மூச்சுவிடாமல் இருந்தோம். கோழி தன்னைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு பக்கமும் இறக்கையை அகட்டி, திரும்ப இறங்கி உட்கார்ந்தது. அப்புறம் அடித்தொண்டையில் கொக், கொக் என்று ஒரு சத்தம் போட்டது. அது தாய்க்கோழி குஞ்சைக் கூப்பிடுகிற சத்தம். காலையில் தன்னுடைய ஐந்துக்கும் அதைத்தான் போட்டது.

"ஏத்துக்கிச்சு" என்று சொல்லி, பச்சையம்மாள் சிரித்தாள். மேல்வரிசையில் ஓரத்துப் பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான்கு வருஷத்தில் எப்போதோ விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ரெண்டு மூணு நாளைக்கு அதுபாட்டுக்கு வுட்று மலரு. எடத்த மாத்தாத, எதையும் மாத்தாத. பழகுற வரைக்கும் கண்ணுக்குப் புதுசா ஒண்ணும் படக்கூடாதுன்னு முத்தமிழு சொல்லுது."

"எனக்குக் கோழி வளக்கத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள்.

காலையில் மழை விட்டிருந்தது. வாசல் தெளிப்பதற்கு முன்னால் கொட்டகைக்கு ஓடினேன். கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் இறக்கை இடுக்கில் ஒரு தலை, மார்புக்குக் கீழே இரண்டு தலை, வாலுக்குப் பக்கத்தில் ஒன்று. குருணையைத் தூவினேன். கோழி எழுந்து, குருணையைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு எல்லாவற்றையும் கூப்பிட்டது. பதினைந்தும் ஓடிவந்தன. பெட்டிக் குஞ்சு ஒன்று கோழியின் முதுகில் ஏறி நின்றது. கோழி அதைப் பொருட்படுத்தவே இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு, உடனே பச்சையம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் நானாக முதலில் போவதா என்று யோசித்து, குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனேன். தண்ணீர் பிடிக்க அவளும் வருவாள், அங்கே தற்செயலாகப் பார்த்ததுபோல் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு.

அங்கே அவள் இல்லை. எதிர்வீட்டுச் செங்கமலம்தான் இருந்தாள். அவள் கோழிக்கும் குஞ்சு வைத்திருக்கிறார்கள்.

"ஒனக்கு எத்தன குடுத்தா?" என்றாள்.

"பத்து."

"எனக்கு எட்டு. தேறினா ரெண்டு எடுத்துக்கன்னா. ஒனக்கு?"

"பாதி" என்றேன்.

செங்கமலம் பம்படிப்பதை நிறுத்திவிட்டாள். "பாதியா? ஒனக்கா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். அவள் வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். சொல்லாமல் விட்டதுதான் காதுக்குள் புகுந்த எறும்பாகக் குடைந்தது.

குடத்தோடு வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. தினமும் பேசிப் பழகுகிறவளுக்கு எட்டில் இரண்டு. மண்ணை வாரித் தூற்றியவளுக்குப் பத்தில் ஐந்து. உலகத்தில் யாராவது இப்படிக் கொடுப்பார்களா? ஏதோ இருக்கிறது. நாளைக்குக் குஞ்செல்லாம் வளர்ந்து, பதினைந்தும் ஒரே மந்தையாக மேயும்போது வந்து, "தேறினது என் குஞ்சு, செத்தது ஒன் குஞ்சு" என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? குஞ்சுப் பருவத்தில் எல்லாம் ஒரே சாயலில் பழுப்பும் கறுப்புமாகத்தான் இருக்கின்றன. தெருவில் நாலு பேரைக் கூட்டி வைத்து, "இவ வூட்டுல அஞ்சு, நான் குடுத்தது பத்து" என்று அவள் கேட்டால், ஊர் அவள் பக்கம்தான் நிற்கும். சேவல் விஷயத்துக்குப் பழிவாங்க இதைவிட நல்ல வழி ஏது?

வீட்டுக்குள் நுழைந்தால், கொட்டகையில் பச்சையம்மாள்.

கோழிக்கு முன்னால் குந்தியிருந்தாள். அவள் கையில் ஒரு குஞ்சு இருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த குஞ்சு, அது என்னுடையது.

குடம் இடுப்பிலிருந்து இறங்கவே இல்லை. "என்ன பண்ற?" என்றேன்.

"பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மலரு. ஒன்னக் கூப்புட்டேன், காணும். என்ன அழகா அணைஞ்சு கெடக்குதுவ பாரேன்!" என்று குஞ்சைக் கீழே விட்டாள். அது ஓடிப்போய்க் கோழிக்கடியில் புகுந்துகொண்டது. "கரண்டு மத்தியானத்துக்குள்ள வந்துரும்னு சொல்றாங்க. செங்கமலம் வூட்டுல ஒண்ணு செத்துப்போச்சு. ஒன் கோழிதான் கோழி."

"எங் குஞ்ச எதுக்குத் தூக்குன?"

"பொட்டு வச்சிருந்துச்சேன்னு தூக்குனேன்." என் முகத்தைப் பார்த்தாள். "சரி, நான் வரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் போனதும் எண்ணினேன். பதினைந்து இருந்தது. ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடுமா? நோஞ்சானை வைத்துவிட்டு நல்லதை எடுத்துப் போயிருந்தால் அப்போதும் பதினைந்துதான் இருக்கும். பதினைந்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மோந்து பார்த்தேன். பெட்டிக் குஞ்சில் இன்னும் மண்ணெண்ணெய் வாடை லேசாக இருந்தது, என் குஞ்சில் இல்லை. இரண்டு கறுப்பு, இரண்டு பழுப்பு, ஒரு வெள்ளைப் பொட்டு: என் ஐந்தும் என் ஐந்தாகவே இருந்தன. அவள் எதையும் மாற்றவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாகிக் கஞ்சி குடிக்கப் போயிருப்பார்கள். இன்றைக்கு மாற்றவில்லை, சரி, நாளைக்கு மாற்றினால் என்ற யோசனைதான் எனக்கு வந்தது. மண்ணெண்ணெய் வாடை நாளைக்குப் போய்விடும். அதற்குள் ஓர் அடையாளம் போட்டுவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் குஞ்சுகளை வெளியே மேய விடுவதற்கு முன்னால் ரோஸ் சாயம் பூசிவிடுவோம். அந்த நிறத்தைப் பார்த்தால் பருந்துக்கு அது குஞ்சு என்று தெரியாது, கீழே இறங்காது என்பார்கள். பூசினால் ஒரு கோழியோடு திரியும் குஞ்சு அத்தனைக்கும் பூசுவோம். அந்தச் சாயப்பொடி பொட்டலம் ஒன்று அடுப்படி மாடத்தில் கிடந்தது. பெட்டிக் குஞ்சு பத்துக்கு மட்டும் பூசிவிட்டால் தீர்ந்தது. எது என்னுடையது, எது வந்தது என்று தெருவில் போகிற யாருக்கும் தெரியும். பாதி என்றால் இந்தப் பத்தில் பாதி. என் ஐந்தின்மேல் யாரும் கை வைக்க முடியாது.

கோழியை அதன் ஐந்து குஞ்சுகளோடு மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினேன். கொட்டாங்குச்சியில் சாயத்தைக் கெட்டியாகக் கரைத்து, துணியில் தொட்டு, பத்தையும் முதுகிலும் தலையிலும் பூசினேன். மழைக்குப் பிறகு வந்த வெயில் சுள்ளென்று அடித்தது. சாக்கை விரித்து அதில் விட்டுக் காய வைத்தேன். காய்ந்ததும் பத்தும் ரோஜாப்பூக் கலரில் பளபளத்தன. எனக்கு என் புத்திசாலித்தனத்தின்மேல் பெருமையாக இருந்தது. "இப்ப வந்து சொல்லட்டும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

பஞ்சாரத்தைத் தூக்கி, பத்தையும் கோழியிடம் விட்டேன். கோழி என்னைப் பார்த்து உறுமியது, எப்போதும் உறுமுவதுதான். அடுப்பில் உலை பொங்குகிற சத்தம் கேட்டது. உள்ளே போனேன். அரிசி களைந்து போட்டு, கிளறி, மூடி வைத்தேன். அவ்வளவு நேரம்தான்.

சத்தம் கேட்டு ஓடிவந்தேன். குஞ்சுகளின் சத்தம் அது, ஆனால் தீனிக்குக் கத்துகிற சத்தம் இல்லை.

ரோஸ் குஞ்சு ஒன்று, ராத்திரி முழுக்கப் படுத்திருந்த அதே வயிற்றுக்கடியில் போய்ப் புகப் பார்த்தது. கோழி ஓர் அடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு உச்சந்தலையில் ஓங்கிக் கொத்தியது. குஞ்சு சுருண்டு விழுந்தது. அடுத்ததும் அதேபோல் அம்மாவைத் தேடி ஓடியது. அதைக் கவ்வித் தூக்கி அடித்தது. விரட்டினால் ஓடிப் பிழைக்கத் தெரியாத வயசு. சூடு எங்கே இருக்கிறது என்று மட்டும் அவற்றுக்குத் தெரியும், அங்கேயே திரும்பத் திரும்ப ஓடின. என் ஐந்தும் கோழியின் காலடியில் நின்று கொண்டிருந்தன. அவற்றை அது தொடவில்லை.

நான் பாய்ந்து கோழியைப் பிடித்தேன். என் கையையும் கிழித்தது. அதையும் என் ஐந்தையும் பஞ்சாரத்துக்குள் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஆறு செத்துக் கிடந்தன. நான்கு மட்டும் ஆட்டுத் தொட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நடுங்கின.

எனக்கு அந்த நேரத்தில் வந்த புத்தியையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் அழவில்லை. சாயத்தைக் கழுவிவிட முடியுமா என்று பார்த்தேன். செத்துப்போன குஞ்சு ஒன்றை எடுத்துச் செம்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்தேன். சாயம் போகவில்லை, என் கை இரண்டும் ரோஸ் ஆனதுதான் மிச்சம். சரி, குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கீரி வந்தது என்று சொல்லிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். கீரி என்ற வார்த்தை வாயில் வந்தபோதுதான் உட்கார்ந்து அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே தெருவில் ஒரே சத்தம். வீடுகளில் டேப்பும் டிவியும் ஒரே நேரத்தில் அலறின. கரண்ட் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் பச்சையம்மாளின் குரல் வாசலிலிருந்தே வந்தது.

"மலரு! கரண்டு வந்துருச்சுடி! முத்தமிழு மத்த குஞ்சையெல்லாம் பொட்டிக்குக் கொண்டாரச் சொல்லிருச்சு. ஒன்னுது மட்டும் இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். தாய்கிட்ட பழகுனத எதுக்குப் பிரிக்கணும்?"

பேசிக்கொண்டே கொட்டகைக்குள் வந்துவிட்டாள். வந்தவள் நின்றாள். தரையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். குனிந்து, கிடந்ததில் ஒன்றைத் தூக்கி, விரலால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"சாயம் பூசுனியா?" என்றாள்.

"பருந்து சுத்துச்சுக்கா" என்றேன். நான்கு வருஷம் கழித்து நான் அவளை அக்கா என்று கூப்பிட்டது அந்தப் பொய்யில்தான். "காலையிலேருந்து மேலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதான் பயந்துக்கிட்டு பூசுனேன்."

பச்சையம்மாள் தலையாட்டினாள். நம்பத்தான் பார்த்தாள், அது அவள் முகத்தில் தெரிந்தது. அப்போது பஞ்சாரத்துக்குள்ளிருந்து என் ஐந்து குஞ்சுகளில் ஒன்று மூங்கில் இடுக்கு வழியாகத் தலையை நீட்டியது. வெள்ளைப் பொட்டு. துளிச் சாயம் இல்லை. அவள் பஞ்சாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மற்ற நான்கையும் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"ஒன் குஞ்சையெல்லாம் பருந்து தூக்காதா மலரு?" என்று கேட்டாள்.

மாட்டிக்கொண்டால் நான் செய்வதைத்தான் அப்போதும் செய்தேன், கத்தினேன். "பின்ன என்ன? செங்கமலத்துக்கு எட்டுல ரெண்டு, எனக்கு மட்டும் பத்துல பாதியா? எதுக்கு? எனக்கு எதுக்குப் பாதி? சொல்லு, எதுக்குன்னு சொல்லு!"

அவள் கத்தவில்லை. ஆட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய், நடுங்கிக்கொண்டிருந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டு, வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சேலையில் ரோஸ் ஒட்டியது.

"செங்கமலத்துக்கிட்ட நான் தெனமும்தான் பேசுறேன்" என்றாள். "அவகிட்ட பேச எனக்குக் குஞ்சு வேண்டியதில்ல."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள். முந்தானைக்குள் அந்த நான்கும் கீச்சு கீச்சென்று கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போய் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். ரோஸ் கையோடு கொட்டகையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.